காளானுக்குக் கிடைத்த காலைப்பொழுது

மரம், செடி, கொடி யாவும் வேர் ஊன்றி நிற்கக் கற்றுக்கொள்ளாமல், மனிதரைப் போலப் பேசிக்கொண்டும் நினைத்த திசைக்கு நடந்துகொண்டும் இருந்த அந்தக் காலத்தில், இன்னாருக்கு இத்தனை ஆயுள் என்ற ஏற்பாடு உலகத்தில் கிடையாது. பனை இன்று ஆற்றங்கரையில் இருக்கும். நாளை மலையடிவாரத்துக்குப் போய்விடும். ஆமணக்கோ, எங்கே வம்புப் பேச்சு சுவையாக நடக்கிறதோ அங்கே இருக்கும். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மண்ணாத்தாள், அதாவது நிலத்துக்கெல்லாம் தாயாகிய பூமி, ஒருநாள் எல்லாரையும் அழைத்துச் சொன்னாள்.

"அலைஞ்சது போதும். ஒவ்வொருத்தருக்கும் ஆயுசு அளந்து குடுக்கப் போறேன். வாங்கினவுங்க பிடிச்ச இடத்துல காலை ஊணி நின்னுடணும். என்னைக்கு வானம் இடி முழக்குதோ, அதுக்கு மறுநாள் விடியக்காலம் பெரிய பொட்டலுக்கு வந்து சேருங்க. வரும்போது, ஒங்களுக்கு முதல் முதல்ல வாயில ஊட்டினவுங்களைக் கூட்டியாரணும். என்ன ஊட்டினாங்கன்னு அவுங்க சபையில சொல்லணும். அந்தச் சொல்லை வச்சுத்தான் நான் அளப்பேன்."

சபைக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அங்கே சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. மண் தன்மேல் விழுந்த மழைநீரைக் குடித்துவிட்டால் எப்படித் திருப்பிக் கொடுப்பதில்லையோ, அப்படியே சபையில் விழுந்த சொல்லையும் மண்ணாத்தாள் குடித்துவிடுவாள்.

அந்தக் காட்டிலே காளான் என்றோர் இளைஞன் இருந்தான். சங்கைக் கடைந்தெடுத்தாற்போன்ற வெண்மை. ஒற்றைத் தண்டாக நிமிர்ந்த உடல். வெள்ளித் தாம்பாளத்தைப் போல வானத்தை நோக்கி விரிந்த தலை. அவன் நடந்து வந்தால் வேம்பும் புங்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்க்கும். "எந்த வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று யாரேனும் கேட்டால், "கிழக்கே" என்று பொதுவாகக் கையைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான்.

உண்மையில் அவனுடைய வீடு மேற்கே இருந்தது. வெட்டவெளியில் சிவந்து எழுந்து நின்ற ஒரு கறையான் புற்று அது. தூசியிலும் நுண்ணிய வித்தாகக் காற்றில் அலைந்து வந்து அந்தப் புற்றின் வாயில் அவன் விழுந்தபோது, செல்லாயி என்ற கறையான் அவனைக் கண்டெடுத்தாள். கண்டெடுத்தாள் என்று சொல்வதும் சரியன்று. அவளுக்குக் கண்கள் கிடையாது. அவளுடைய குலத்தில் உழைப்பவர் எவருக்குமே கண் இல்லை. மீசைக் கொம்பால் தடவிப் பார்த்து, "இதுவும் ஒரு உசிருதான்" என்று உள்ளே எடுத்துப்போனாள். காய்ந்த சருகுகளைக் கொண்டுவந்து, தன் வாயில் இட்டு மென்று, கூழாகக் குழைத்து, அதை அவன் வாயில் வைத்தாள்.

"நீயே தின்னாம எதுக்கு ஆத்தா எனக்குத் தர்றே?" என்று ஒருமுறை அவன் கேட்டான்.

"ஒனக்குப் பல்லு இல்லையே அப்பு. எனக்கு இருக்கிறது எதுக்காம்?" என்றாள் செல்லாயி.

அவ்வாறு மென்று ஊட்டிய சருகில்தான் அந்த வெண்மையும் வளர்ச்சியும் வந்தன. வெளியுலகத்துக்கு வந்த புதிதில் அவனும் மாலைதோறும் புற்றுக்குத் திரும்பிக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஒருநாள் நாவல் மரத்து வீட்டு விருந்தில் ஆமணக்கு யாரையோ குறித்து, "அவனா? அடுத்தவன் எச்சிலைத் தின்னு வளந்த பய" என்று சொல்ல, பந்தியே குலுங்கிச் சிரித்தது. காளானும் சிரித்தான். சிரித்த வாய் மூடுமுன்பே செல்லாயி மென்று ஊட்டிய சருகு அவன் நினைவுக்கு வந்தது. அன்று மாலை அவன் புற்றுக்குப் போகவில்லை. அதன் பின்னரும் போகவில்லை.

ஆகவே மண்ணாத்தாளின் அறிவிப்பைக் கேட்டதும் மற்றவர்களெல்லாம் மகிழ்ந்திருக்க, காளான் மட்டும் கலங்கினான். செல்லாயியை அழைத்துப் போனால், "மென்ன சருகு ஊட்டினேன்" என்று அவள் வெள்ளை மனத்தோடு சொல்லிவிடுவாள். அழைத்துப் போகாவிட்டால் ஆயுள் கிடையாது. யோசித்து யோசித்து, கடைசியில் அவன் குளக்கரையில் நின்றிருந்த கொக்கம்மாளைத் தேடிப் போனான்.

"அத்தை, ஒரு உதவி" என்று தொடங்கி, விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தான்.

கொக்கம்மாள் ஒற்றைக்காலை மாற்றி நின்றாள். "ஏன்டா, ஒன்னை வளத்தவ என்ன ஆனா?"

"இல்லை" என்றான் காளான். இறந்துவிட்டாள் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். அவள் அப்படிப் பொருள் கொள்ளட்டும் என்றுதான் அவன் விட்டான்.

"ஐயோ பாவம். சரி, ஒனக்கும் எனக்கும் நிறம் ஒண்ணாத்தான் இருக்கு. சொன்னா நம்புவாங்க. சபையில என்னை முன்வரிசையில உக்கார வைப்பாங்களா?"

"நிச்சயமா அத்தை."

"அப்போ வர்றேன்."

பருவம் திரும்பியது. ஒரு மாலையில் வானம் கறுத்து, திசை அதிர இடி முழங்கியது. மறுநாள் விடியற்காலையிலேயே பெரிய பொட்டல் நிறைந்துவிட்டது. கட்டியம் கூறும் பொறுப்பைச் செம்போத்துப் பறவை ஏற்றிருந்தது. சிவந்த கண்ணை உருட்டிக்கொண்டு, "சத்தம் போடாதீங்க! முதல் ஆளு, ஆலு!" என்று கூவியது.

ஆல் தன் பெருத்த உடலை அசைத்துக்கொண்டு முன்னே வந்தது. அதற்கு ஊட்டியவராக வந்தது ஒரு கிழட்டுக் காகம்.

"என்ன ஊட்டினே?" என்றாள் மண்ணாத்தாள்.

"ஊட்டுறதா? நான் எங்கே தாயி ஊட்டினேன்!" என்று காகம் தலையைச் சொறிந்தது. "பழத்தைத் தின்னேன். வயித்தைக் கலக்குச்சு. ஒரு பாறை இடுக்குல உக்காந்தேன். மறுநாள் பார்த்தா, என் எச்சத்துல இந்தப் பய முழிச்சுப் பார்க்கிறான்."

பொட்டல் முழுவதும் சிரிப்பு வெடித்தது. ஆமணக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாரையும்விட உரக்க ஆல் சிரித்தது. "நெசந்தான் தாயே! இந்தக் கிழவனுக்கு அன்னைக்கு வயிறு சரியா இருந்திருந்தா நான் ஏது?" என்று சொல்லி, காகத்தைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டது.

மண்ணாத்தாளும் சிரித்தாள். "பிடி, தலைமுறை தலைமுறையா நில்லு" என்று கை நிறைய அளந்து கொடுத்தாள்.

இதைக் காளான் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆல் வாங்கிய ஆயுள் அவன் மனத்தில் பதியவில்லை. அந்தச் சிரிப்பொலி மாத்திரம் பதிந்தது. "நல்லவேளை, நான் முந்திக்கொண்டு ஏற்பாடு செய்தேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பனை வந்தது, புளி வந்தது, எள்ளும் துவரையும் வந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொட்டலின் மேற்கு ஓரத்தில் சிறு சலசலப்பு எழுந்தது.

"ஆரது? வழியில நிக்காதீங்க. பார்த்து வாங்கம்மா" என்றது செம்போத்து.

"பார்க்கிறதுக்குக் கண்ணு இல்லீங்க ஐயா. என் பிள்ளையைத் தேடி வந்தேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் காளான் புங்கின் பின்னால் ஒதுங்கினான்.

கறையான் வெயிலில் நடப்பதில்லை. எங்கே போனாலும் மண்ணைக் குழைத்துக் கூரை கட்டி, அந்தக் கூரையின் கீழேயே நகர்வதுதான் அவர்களுடைய வழக்கம். வெயில் பட்டால் அந்த மெல்லிய உடம்பு சுருங்கிக் காய்ந்துவிடும். செல்லாயியோ கூரை கட்டி வர நேரமில்லை என்று வெறும் மேனியோடு வந்திருந்தாள். வெண்ணெய் போன்ற அவள் உடல் ஏற்கெனவே மங்கிச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"நேத்து இடிச் சத்தம் கேட்டுச்சுங்க. சபைன்னா ஊட்டினவ வரணுமாமே. பிள்ளை வந்து கூட்டிட்டுப் போவான்னு வாசல்லயே இருந்தேன், வரலை. வெயில்ல ஆத்தா வருந்தக் கூடாதுன்னு சொல்லாமப் போயிருப்பான். அவன் அப்படித்தான். நான் வராட்டி அவனுக்கு ஆயுசு கிடைக்காதேன்னு விடிஞ்சதும் கிளம்பிட்டேன்."

"பிள்ளை பேரு என்ன?"

"வெளியே வந்தப்புறம் என்னமோ பேரு வச்சிருக்காங்களாம், எனக்குத் தெரியாதுங்க. வீட்டுல அப்புன்னுதான் கூப்பிடுவேன். காலைத் தொட்டுப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன்."

சபை விலகி வழிவிட்டது. செல்லாயி ஒவ்வொருவர் காலாகத் தடவிக்கொண்டு வந்தாள். ஆமணக்கு தன் காலை நீட்டி, "என்னையும் தொட்டுப் பாரு ஆத்தா. ஒருவேளை நாந்தான் ஒன் பிள்ளையோ என்னமோ" என்றது.

அவள் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "எண்ணெய்ச் சட்டியில ஊறப்போட்ட காலு மாதிரி வழுக்குதே தம்பி! நீ என் வீட்டுல வளந்திருந்தா நாங்க எல்லாரும் சறுக்கி விழுந்தே செத்திருப்போம்."

சிரிப்பு எழுந்தது. ஆமணக்கு காலை இழுத்துக்கொண்டது. செல்லாயி நகர்ந்தாள். அடுத்து புங்கு, அதற்கடுத்து காளான்.

ஓடிவிடலாமா என்று அவன் நினைத்தான். ஓடினால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அருகே கொக்கம்மாள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மீசைக் கொம்பு அவன் பாதத்தில் பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது.

"அப்பு" என்றாள் செல்லாயி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

சபையின் கண்ணெல்லாம் தன்மேல் குவிவதை அவன் உணர்ந்தான். நாவல் வீட்டுப் பந்தியின் சிரிப்பு அவன் காதில் இரைந்தது. அப்போதுதான் அந்தக் காரியத்தை அவன் செய்தான். வானத்தை நோக்கி விரிந்திருந்த தலையைச் சுற்றிலும் கீழே மடக்கி, முகம் தெரியாதபடி கவிழ்த்துக்கொண்டான். கவிழ்ந்த தலைக்குள்ளிருந்து, முன்பின் அறியாத கிழவியிடம் பேசும் குரலில் சொன்னான்.

"ஆள் மாறி வந்துட்டீங்க, பெரியம்மா."

செல்லாயி உடனே கையை எடுத்துவிடவில்லை. சற்று நேரம் அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அது எதற்காக நடுங்குகிறது என்பதை அறிந்துகொள்ள அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. பிறகு மெல்லக் கையை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்.

"ஆமாங்க. இவன் இல்லை. என் பிள்ளை இவன் இல்லை."

"சபையில சொன்ன சொல்லாவே எடுத்துக்கலாமா ஆத்தா?" என்றது செம்போத்து.

"எடுத்துக்குங்க ஐயா. பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி இருக்கு. நான் தொட்டதுக்குக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவள் திரும்பி, வந்த வழியே போனாள். இப்பொழுது வெயில் உச்சியை நெருங்கியிருந்தது.

"அடுத்த ஆளு, காளான்!"

கொக்கம்மாள் சிறகைக் கோதிக்கொண்டு முன்னே போய் நின்றாள். காளான் கவிழ்ந்த தலையோடு பின்னால் நின்றான்.

"என்ன ஊட்டினே?"

"மீனுங்க தாயே. குளத்து மீனு. முள்ளெல்லாம் எடுத்துத்தான்."

"பல்லில்லாத பிள்ளையாச்சே, எப்படித் தின்னான்? மென்னு குடுத்தியா?"

"சேச்சே! எச்சிலா? எங்க வீட்டுல அந்த அசிங்கமெல்லாம் கிடையாதுங்க."

"வளத்தா இப்படியில்ல வளக்கணும்" என்று கூட்டத்தில் யாரோ மெச்சினார்கள். காளான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். அது காதில் விழுந்தபோது, காறி முகத்தில் துப்பியது போலிருந்தது அவனுக்கு. மண்ணாத்தாள் அளந்து கொடுக்கக் கையை நீட்டினாள். கவிழ்ந்திருந்த தலையின் விளிம்புக்குக் கீழே, மேற்கே போகும் வழியின் ஒரு கீற்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அதில் ஒரு சிறு வெண்புள்ளி கிடந்தது. அது நகரவில்லை.

"தாயே, வேண்டாம்" என்றான் காளான்.

சபை திடுக்கிட்டது. கொக்கம்மாள், "டேய், கிடைக்கப் போற நேரத்துல என்னடா?" என்று முணுமுணுத்தாள்.

"இந்த அத்தை எனக்கு ஒரு வாய்த் தண்ணிகூடத் தந்ததில்லை. எனக்கு ஊட்டினவ இப்பப் போனாளே, அவ. ஊட்டினது சருகு. அவ வாயில மென்னு குடுத்த சருகு. அவ எச்சில்லதான் நான் வளந்தேன். தெரிஞ்சே மாத்திச் சொன்னேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆமணக்குகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்திருந்தால் தேவலை என்று காளானுக்குத் தோன்றியது.

மண்ணாத்தாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "கொக்கு சொன்னதை நீயே வேண்டாம்னுட்டே. ஒனக்கு ஊட்டினவளும் ஒன் மானத்துக்காகப் பொய் சொல்லிட்டாளே! 'என் பிள்ளை இல்லை'ன்னு அவ சொன்னதை நான் குடிச்சுட்டேன். திருப்பித் தர என்னால ஆகாது. ஒனக்கு அளக்க என்கிட்ட ஒரு சொல்லும் இல்லையேப்பா" என்றாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவளாக நிறுத்தினாள். "இரு. விடிஞ்சதுலேருந்து இங்கே வந்து சேர்ற வரைக்கும், வழியில கண்டவுங்க கிட்டெல்லாம் 'என் பிள்ளையைப் பார்த்தீங்களா, என் பிள்ளையைப் பார்த்தீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. அதையும் நான்தான் குடிச்சேன். அது எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் ஒன் ஆயுசு. ஒரு காலைப்பொழுது. அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

காளான் அதற்கு மேல் கேட்கவில்லை. அதைக்கூட முழுமையாகக் கேட்டானோ என்னவோ. மேற்கு வழியில் ஓடிக்கொண்டிருந்தான்.

செல்லாயி மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவன் அருகே போய் நின்று, முகத்தை மறைக்க மடக்கிய அந்தத் தலையை இன்னும் தாழ்த்தி விரித்தான். நிழல் அவள்மேல் விழுந்தது. குளிர்ச்சி பட்டதும் அவள் மெல்ல அசைந்தாள்.

"ஆரு அது, நிழல் குடுக்கிறது?"

காளான் வாயைத் திறந்தான். அப்பு என்று சொல்ல நினைத்தான். அந்தப் பெயரை உச்சரிக்கும் தகுதியைத் தான் தொலைத்துவிட்டதாக அவனுக்குப் பட்டது.

"வழிப்போக்கன்" என்றான்.

"நல்லா இருங்க வழிப்போக்கரே" என்றாள் செல்லாயி. எழுந்து நடந்தாள். அவள் நடக்க நடக்க, நிழலும் கூடவே நடந்தது. சிறிது தூரம் போனதும், "உங்களுக்கு ஊட்டினவ குடுத்து வச்சவ" என்றாள்.  அவன் அழுவது வெளியே தெரியாதபடி, கவிழ்ந்த தலையின் உட்புறத்தில் கண்ணீர் இறங்கி, மடிப்பு மடிப்பாக வரி விழுந்தது.

புற்று வந்துவிட்டது. செல்லாயி வாசலைத் தடவிக் கண்டுபிடித்து உள்ளே புகுந்தாள். வெளியே நின்றவனின் தண்டு சாயத் தொடங்கியிருந்தது, காலைப்பொழுது முடிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெயில்ல நிக்காதே அப்பு. சருகு மென்னு வச்சிருக்கேன். வா."

அவன் போனான்.

அடுத்த முறை இடி முழங்கியபோது, செல்லாயி ஊட்டிய சருகில் மறுபடி வளர்ந்த காளான், மறுநாள் விடியலில் புற்றின் உச்சியைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். வெயில் ஏறியதும் காணவில்லை. அதன் பிறகு காட்டில் அவன் பெயர் வேறு வேலைக்குப் பயன்படலாயிற்று. முதலில் அப்படிச் சொன்னது ஆமணக்குதான். ஓடிமறைந்த மேக நிழலைக் காட்டி, "அது காளான், போயிடும்" என்றது. பின்பு குளத்து நுரையை அப்படிச் சொன்னார்கள். மருமகனுடைய கோபத்தை, சோற்றைப் பரிமாறியதும் மறையும் காளான் என்றார்கள். திடீரென்று பெருகிய செல்வத்தையும், வந்த வேகத்தில் போன பதவியையும், வாசலில் போட்ட கோலத்தையும் அப்படியே சொன்னார்கள். அந்தச் சொல் இப்படி மனிதர் வாய்க்கு வந்தபோது, அதனுள் இருந்த வெட்கம் உதிர்ந்து, நேரம் மட்டும் மிஞ்சியது.

நிலையாத எதையும் நாம் காளான் என்று சொல்வது அன்று தொடங்கிய வழக்கம். இடி இடித்த மறுநாள் புற்றின்மேல் அவன் தலை கவிழ்ந்து நிற்பதும் அன்று தொடங்கியதுதான். இன்றும் சபை கூடியிருப்பதாக எண்ணி, யாரும் கேட்காமலே, இது என் ஆத்தா வீடு என்று சொல்வதற்காக.